கார் ஏசியில் சூடான காற்று வருகிறது. மறுபடியும் கேஸ் ஏற்றலாமா?

கேள்வியின் சுருக்கம்: பெட்ரோல் ஹேட்ச்பேக், ஏசி போட்டாலும் வெதுவெதுவென்றுதான் காற்று. போன கோடையில்தான் கேஸ் ஏற்றியது. இப்போதும் "கேஸ் இறங்கிடுச்சு சார், ஏத்திடலாம்" என்கிறார் மெக்கானிக்.

உடனே ஏற்றாதீர்கள். பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கில்லை அது. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. ஒரே வருஷத்தில் இறங்கியிருந்தால் எங்கோ லீக். இறங்கவே இல்லையென்றால் கோளாறு வேறிடத்தில்.

நீங்கள் சொல்லாமல் விட்ட விவரம் ஒன்று இருக்கிறது: எப்போது சூடாகிறது?

வண்டி ஓடும்போது குளிர்ந்து, சிக்னலில் நின்றதும் சூடானால் முதலில் கன்டென்சர் (முன்பக்கம் கேஸின் சூட்டை வெளியேற்றும் தகடு வலை) ஃபேனைப் பாருங்கள். ஓடும்போது எதிர்க்காற்றே கன்டென்சரின் சூட்டை எடுத்துவிடும். நின்றால் ஃபேன்தான் கதி. இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, பானெட்டைத் திறங்கள். சில மாடல்களில் பிரஷர் ஏறிய பிறகே ஃபேன் சுற்றும், இரண்டு மூன்று நிமிடம் பொறுக்கவும். எப்போது வேண்டுமானாலும் சட்டென்று கிளம்பும் என்பதால் கை, துப்பட்டா, வேட்டி நுனி எதுவும் பக்கத்தில் போகக்கூடாது. சுற்றவில்லையா, ஃப்யூஸைப் பாருங்கள். அது சரியென்றால் அதே நம்பருள்ள இன்னொரு ரிலேவை (ஃபேனுக்குக் கரண்டை விடும் சின்ன மின் சுவிட்ச்) மாற்றிச் செருகிப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்து, மோட்டாருக்குக் கரண்டும் வந்தால் பெரும்பாலும் மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும்.

ஃபேன் சுற்றியும் சிக்னலில் சூடானால், கிரில் வழியாகக் கன்டென்சர் மேல் இரண்டு மக் தண்ணீர் ஊற்றுங்கள். ஓரிரு நிமிடத்தில் உள்ளே காற்று குளிர்ந்தால் கம்ப்ரசரை (கேஸை அழுத்திச் சுற்ற வைக்கும் பம்ப்) குறை சொல்ல வேண்டியதில்லை. சூடு வெளியேற வழியில்லாததுதான் பிரச்சினை. கன்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே மண்ணும் பூச்சியும் அப்பிக் கிடக்கும். சாதாரண ஹோஸ் தண்ணீரில் கழுவினால் போதும். வாட்டர் வாஷ் கன்னைக் கிட்டே பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி, இருந்த காற்றோட்டமும் போய்விடும்.

கிளம்பும்போது ஜில்லென்றிருந்து அரை மணியில் சூடானால் ப்ளோயர் காற்றின் அளவைக் கவனியுங்கள். காற்றே குறைந்துகொண்டு போனால் கூலிங் காயிலில் (உள்ளே காற்றைக் குளிர்விக்கும் பகுதி) ஐஸ் கட்டுகிறது. ஏசியை அணைத்து ப்ளோயரை மட்டும் பத்து நிமிடம் ஓட்டினால் காற்று பழையபடி வரும். க்ளவ் பாக்ஸுக்குப் பின்னாலுள்ள கேபின் ஃபில்டர் அடைந்திருக்கலாம், அல்லது காயிலின் வெப்ப சென்சார் பழுது. காற்று குறையாமல் சூடு மட்டும் ஏறினால் கம்ப்ரசர் கிளட்ச் (கம்ப்ரசரை இன்ஜின் பெல்ட்டோடு சேர்த்துப் பிரிப்பது) மீது சந்தேகம். பெல்ட் ஓட்டும் புல்லி எப்போதும் சுற்றும். அதன் முன்னாலுள்ள தட்டு, 'டக்' என்று ஒட்டிக்கொண்டால்தான் சுற்றும். தேய்மானத்தால் தட்டுக்கும் புல்லிக்கும் இடைவெளி கூடிய கிளட்ச், அதன் காந்தச் சுருள் சூடேறி இழுப்பு குறைந்ததும் விட்டுவிடும். பொதுவாக 0.3 முதல் 0.6 மி.மீ. வரை இருக்க வேண்டிய இடைவெளி அது. உள்ளே இருக்கும் ஷிம்மில் (மெல்லிய வளையத் தகடு) ஒன்றை எடுத்தாலே பல நேரம் தீரும் வேலைக்கு, முழுக் கம்ப்ரசரையும் மாற்றச் சொல்பவர்கள் உண்டு. (சில புதிய மாடல் கம்ப்ரசர்களில் கிளட்சே கிடையாது, அவற்றுக்கு இந்தச் சோதனை பொருந்தாது.)

எப்போதுமே குளிரவில்லை, தட்டும் ஒட்டவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலேவோடு பிரஷர் சுவிட்சும் கணக்கில் வரும். கேஸ் மிகக் குறைந்தால் கம்ப்ரசரை ஓடவிடாமல் தடுப்பது அதுதான். அந்த சுவிட்சின் வயரை ஷார்ட் செய்து ஓட்டிப் பார்க்க விடாதீர்கள். கம்ப்ரசருக்குள் எண்ணெயைக் கொண்டுவருவதே கேஸ். அது இல்லாமல் ஓடினால் உள்ளே பிடித்துக்கொள்ளும்.

தட்டு ஒட்டிச் சுற்றுகிறது, ஆனாலும் சூடு என்றால், கேபினிலிருந்து வரும் தடித்த அலுமினியக் குழாயைத் தொடுங்கள். மெல்லிய குழாயைத் தொட வேண்டாம், கை சுடும். தடித்தது சில்லிட்டு வியர்த்திருந்தால் கேஸ் சுற்று நன்றாகவே இருக்கிறது. உள்ளே ஹீட்டர் சூட்டைக் கலக்கும் கதவு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது ஹீட்டர் வால்வு மூடவில்லை.

இனி கேஜ், அதாவது கேஸின் பிரஷரைக் காட்டும் மீட்டர். இன்ஜின் அணைந்திருக்கும்போது பிரஷரைக் காட்டி "கேஸ் ஃபுல்" என்றால் நம்பாதீர்கள். 35 டிகிரி வெயிலில் ஆர்134ஏ (பல கார்களில் இருக்கும் ஏசி கேஸ்) சுமார் 114 பிஎஸ்ஐ காட்டும். பாதிதான் இருந்தாலும், கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரை அதேதான். ஓடும்போது தாழ்பக்கம் (கம்ப்ரசருக்குள் போகும் கேஸ்), உயர்பக்கம் (வெளிவரும் கேஸ்) என்ற இரண்டு முள்ளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இரண்டும் தாழ்ந்திருந்தால் கேஸ் குறைவு. இரண்டும் ஏறியிருந்தால் ஃபேன், கன்டென்சர், இல்லையேல் போன முறை அதிகமாக ஏற்றியது. தாழ்பக்கம் ஏறி, உயர்பக்கம் இறங்கியிருந்தால் கம்ப்ரசர் தளர்ந்துவிட்டது.

கேஸ் குறைவுதான் என்று உறுதியானால் லீக்கைத் தேடச் சொல்லுங்கள். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேர்ந்திருந்தால் அங்கேதான், ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாற்றினால் போதும். தெரியவில்லையென்றால் நைட்ரஜன் அடைத்துச் சோப்பு நுரை வைத்துப் பார்ப்பது சரியான முறை. டயருக்கு அடிக்கும் காற்றை அடைத்தால் ஈரமும் கூடவே போகும்.

ஏற்றும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். குறைந்தது அரை மணி வேக்கம் (பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது), பிறகு பம்ப்பை நிறுத்திப் பத்து நிமிடம் முள் அசையாமல் நிற்க வேண்டும். ஈரம் தங்கினால் எக்ஸ்பான்ஷன் வால்வில் (கேஸ் கூலிங் காயிலுக்குள் நுழையும் குறுகிய வழி) ஐஸாகி அடைக்கும். எத்தனை கிராம் என்பது பானெட்டுக்கு அடியிலுள்ள ஸ்டிக்கரில் இருக்கும்; சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 350 முதல் 450 கிராம்தான். இவ்வளவு சிறிய அளவில் 100 கிராம் கூடினாலே குளிர்ச்சி குறையும். ஆகவே கேஜைப் பார்த்துக் குத்துமதிப்பாக அடிக்காமல் தராசில் வைத்து ஏற்றும் கடையாகப் பாருங்கள். ஏற்றிய கிராமைப் பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த முறை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஒப்பிட அது உதவும்.