தண்ணீரால் ஓடும் எந்திரமா? சக்கரத்தைக் கடைசியில் வரையுங்கள்

கேள்வி இதுதான்: "ஓடையில் ஓடும் தண்ணீரை வைத்து, மின்சாரம் இல்லாமல் நேரடியாக இயந்திர வேலை வாங்க ஆசை. அதற்கான எந்திரத்தை எப்படி வடிவமைப்பது? வெளியே வரும் தண்ணீரை அதே எந்திரத்தாலேயே மறுபடி மேலே ஏற்றிக்கொள்ள முடியுமா?"

இரண்டாவது கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். முடியாது. நல்ல சக்கரம் தண்ணீரின் சக்தியில் 60 சதவீதத்தை அச்சுக்குத் தருகிறது, நல்ல பம்ப் அதில் 60 சதவீதத்தைத் தண்ணீருக்குத் திருப்பித் தருகிறது என்று வையுங்கள். 100 லிட்டர் கீழே விழுந்தால் 36 லிட்டர்தான் மேலே போகும். இரண்டாம் சுற்றில் 13. அவ்வளவுதான், கதை முடிந்தது. 1618-லேயே ராபர்ட் ஃப்ளட் என்ற ஆங்கிலேயர் இப்படித் தன் தண்ணீரைத் தானே ஏற்றிக்கொள்ளும் ஆலை ஒன்றை விவரித்திருக்கிறார். இந்த ஆசை தோன்றியதற்காக நீங்கள் வெட்கப்பட வேண்டியதில்லை, பழைய ஆசைதான்.

இனி முதல் கேள்வி. நானும் ஒரு நண்பரும் சேர்ந்து இரண்டு சக்கரங்கள் செய்தோம். முதலாவது படுதோல்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தத் தவறைத்தான் எல்லாரும் முதலில் செய்கிறார்கள்.

வாய்க்கால் ஒன்று நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. 60 சென்டிமீட்டர் அகலம், 20 சென்டிமீட்டர் ஆழம், நொடிக்கு ஒரு மீட்டர் வேகம். அதாவது நொடிக்கு 120 லிட்டர். காலை வைத்தால் இழுக்கிற தண்ணீர். "இதில் ஒரு சக்கரத்தை இறக்கினால் போதும்" என்று பலகை பலகையாக ஆணி அடித்து, அடிப்பகுதி மட்டும் தண்ணீரில் முங்கும்படி ஒரு சக்கரம் வைத்தோம். சுற்றியது, அழகாகவே சுற்றியது. பெல்ட்டை மாட்டி ஒரு சின்ன பம்பை இணைத்ததும் நின்றுவிட்டது. கையால் தள்ளிவிட்டால் இரண்டு சுற்று வரும், மறுபடி நிற்கும்.

அன்றிரவு உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீரிடம் இருக்கும் சக்தி, அதே தண்ணீர் வெறும் 5 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும் சக்திக்குச் சமம். வேகத்தின் வர்க்கத்தை 19.6-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.051 மீட்டர் வரும். எங்கள் 120 லிட்டரிடம் இருந்தது மொத்தமே 60 வாட். அதில் தட்டைப் பலகைச் சக்கரம் பிடித்துக்கொள்வது மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை. ஒரு பல்பு எரிக்கும் சக்தியை வைத்துக்கொண்டு பம்ப் ஓட்டப் பார்த்திருக்கிறோம். அதே 120 லிட்டர் ஒரு மீட்டர் கீழே விழுந்தால்? 1,177 வாட்.

ஆகவே நீங்கள் முதலில் தேட வேண்டியது வேகமான இடத்தை அன்று, விழும் இடத்தை. சத்தம் போட்டு ஓடும் தண்ணீர் கண்ணை ஏமாற்றும்.

சூத்திரம் ஒன்றே ஒன்றுதான், மனதில் வைத்துக்கொள்ளச் சுலபம்: நொடிக்கு ஒரு லிட்டர், ஒரு மீட்டர் விழுந்தால் 9.81 வாட். லிட்டரையும் மீட்டரையும் பெருக்கி, 9.81-ஆல் பெருக்குங்கள். கிடைப்பதில் பாதி உங்கள் அச்சுக்கு வரும் என்று வைத்துக்கொண்டு, அது போதுமா என்று பாருங்கள். போதாது என்றால் எந்த வடிவமைப்பும் காப்பாற்றாது.

அளப்பதில் சோம்பல் வேண்டாம். வீழ்ச்சி உயரத்தை (பம்ப் ஆட்கள் ஹெட் என்பார்கள்) தண்ணீர் நிரப்பிய நீளமான பிளாஸ்டிக் குழாயை வைத்து மட்டம் பார்த்தே சென்டிமீட்டர் சுத்தமாக எடுத்துவிடலாம். அளவு சிறிதென்றால் வாளியும் ஸ்டாப்வாட்ச்சும் போதும். பெரிதென்றால் பலகையில் 90 பாகைக்கு 'வி' வெட்டி, ஓடையின் குறுக்கே அடைத்துவிடுங்கள். தண்ணீர் முழுக்க அந்த வெட்டின் வழியாகத்தான் போக வேண்டும். வெட்டின் முனையிலிருந்து தண்ணீர் மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று, பலகைக்குச் சற்றுப் பின்னால் தள்ளி அளக்க வேண்டும். 12 சென்டிமீட்டர் என்றால் நொடிக்கு சுமார் 7 லிட்டர். 24 சென்டிமீட்டர் என்றால் 14 இல்லை, 39 லிட்டர்! உயரத்தின் இரண்டரை அடுக்கில் ஏறும். அதனால் கண் மதிப்பு இங்கே செல்லாது. அப்புறம், மழை பெய்த மறுநாள் போய் அளக்காதீர்கள். தண்ணீர் குறைந்த மாதத்தில் அளந்து, அந்த எண்ணுக்குச் சக்கரத்தைச் செய்யுங்கள். மிச்ச மாதங்களின் உபரி வழிந்து போகட்டும்.

எங்களுக்கு அதிர்ஷ்டம், அதே வாய்க்கால் சற்றுக் கீழே ஒரு திட்டிலிருந்து 1.9 மீட்டர் இறங்கியது. அங்கே நொடிக்கு 40 லிட்டரை மட்டும் பலகை வாய்க்காலில் பிரித்து எடுத்தோம். 40, 1.9, 9.81: 745 வாட், கிட்டத்தட்ட ஒரு குதிரைத்திறன்.

இந்த மாதிரி இடத்துக்கு, விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னத் தொட்டிகள் கொண்ட, மேலிருந்து தண்ணீர் விழும் தொட்டிச் சக்கரம்தான் சரி. 1759-ல் ஜான் ஸ்மீட்டன் என்ற ஆங்கிலப் பொறியாளர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அளித்த ஆய்வில் இதை மாதிரிச் சக்கரங்கள் வைத்தே காட்டிவிட்டார்: மேலே ஊற்றும் சக்கரம், அடியில் தண்ணீர் வந்து தள்ளும் சக்கரத்தைப் போல (எங்கள் முதல் சக்கரம் அந்த வகைதான்) ஏறக்குறைய இரண்டு மடங்கு திறன் தரும். காரணம் எளிது. கீழே தள்ளும் சக்கரத்தில் தண்ணீர் பலகையில் மோதி, நுரைத்து, சிதறி, சூடாகி வீணாகிறது. தொட்டியில் உட்கார்ந்த தண்ணீர் மோதுவதில்லை, தன் எடையால் அழுத்திக்கொண்டே இறங்குகிறது. போர்டா என்ற பிரெஞ்சுக்காரர் 1767-ல் சொன்ன விதி எல்லா நீர் எந்திரத்துக்கும் பொருந்தும்: தண்ணீர் அதிர்ச்சியில்லாமல் உள்ளே வர வேண்டும், வேகமில்லாமல் வெளியே போக வேண்டும். நீங்கள் செய்த சக்கரம் நல்லதா என்று தெரிய, சக்கரத்தைப் பார்க்காதீர்கள், அதிலிருந்து வெளியேறும் தண்ணீரைப் பாருங்கள். அது குதித்துக்கொண்டு போனால் உங்கள் சக்தியை எடுத்துக்கொண்டு போகிறது. களைத்துப்போய் நடந்தால் நல்ல சக்கரம்.

விட்டம் எவ்வளவு? வீழ்ச்சி 1.9 மீட்டர். மேலே பலகை வாய்க்காலுக்கும் தண்ணீர் கொஞ்சம் வேகம் பிடிப்பதற்கும் 20 சென்டிமீட்டர். கீழே 10 சென்டிமீட்டர் இடைவெளி, ஏனென்றால் கீழ்த்தண்ணீர் ஏறி வந்து சக்கரத்தின் அடியைத் தொட்டால் அது பிரேக் போட்ட மாதிரி இழுக்கும். மிச்சம் 1.6 மீட்டர், அதுதான் விட்டம். விளிம்பு வேகத்தை நொடிக்கு 1.1 மீட்டர் என்று வைத்தோம். ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் வரை நல்லது. அதற்கு மேல் போனால் தண்ணீர் தொட்டியில் உட்காராமல் தெறிக்கும். 1.1 மீட்டர் என்றால் நிமிடத்துக்கு 13 சுற்று. தொட்டியை முழுக்க நிரப்பவும் கூடாது. பாதிக்குக் கொஞ்சம் குறைவாக நிரம்பினால்தான் பாதி தூரம் இறங்குவதற்குள் கொட்டாமல் இருக்கும். 25 சென்டிமீட்டர் ஆழத் தொட்டி, 40 சதவீதம் நிரம்பினால் போதும் என்று கணக்கிட்டால் அகலம் 36 சென்டிமீட்டர் வந்தது. ஒரு சின்ன விஷயம், யாரும் சொல்லவில்லை: தண்ணீர் உள்ளே போகும்போது தொட்டியில் இருக்கும் காற்று வெளியே போக வழி வேண்டும். எங்கள் தொட்டிகள் முதலில் தண்ணீரைத் துப்பின. பலகை வாய்க்காலின் வாயைச் சக்கரத்தைவிட ஒடுக்கமாக்கிய பிறகு, இரண்டு ஓரத்திலும் காற்று தப்பித்து, துப்புவது நின்றது.

சரி, எவ்வளவு கிடைத்தது? இதை யாரும் அளப்பதில்லை, சுற்றுவதைப் பார்த்தே திருப்திப்பட்டுவிடுகிறார்கள். சும்மா சுற்றும் சக்கரம் தரும் சக்தி பூஜ்யம். பிடித்து நிறுத்திய சக்கரம் எவ்வளவு முறுக்கினாலும் அதுவும் பூஜ்யம். வேலை நடுவில் எங்கோ இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அச்சில் ஒரு உருளை மாட்டி, அதன் மேல் கயிற்றைப் போட்டு, ஒரு முனையில் எடையும் மறு முனையில் ஸ்பிரிங் தராசும் கட்டினோம். எடையிலிருந்து தராசு காட்டுவதைக் கழித்து, உருளையின் ஆரத்தால் பெருக்கினால் முறுக்கு விசை. அதைச் சுற்று வேகத்தால் (நொடிக்கு எத்தனை சுற்று என்பதை 6.28-ஆல் பெருக்கிய எண்) பெருக்கினால் சக்தி. எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போய் எங்கே அதிகபட்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு சுமார் 410 வாட் வந்தது, 55 சதவீதம். கைவினைக்கு மோசமில்லை.

இனிதான் முக்கியமான முடிவு. 13 சுற்றில் 410 வாட் என்றால் முறுக்கு விசை சுமார் 300 நியூட்டன் மீட்டர். ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் 30 கிலோவைத் தொங்கவிட்டது போல. மெதுவான, பிடிவாதமான சக்தி. இதை 1,500 சுற்றில் ஓடும் ஜெனரேட்டருக்கு ஏற்ற 115 மடங்கு வேகம் கூட்ட வேண்டும். மூன்று கட்டம் பெல்ட்டோ கியரோ போட வேண்டும், ஒவ்வொரு கட்டமும் தன் பங்கைத் தின்னும். நீங்கள் நேரடி வேலை கேட்கிறீர்கள், அதனால் தப்பித்தீர்கள். சக்கரத்துக்கு மெதுவான வேலையையே கொடுங்கள்: பிஸ்டன் பம்ப், அரைக்கும் கல், இடிக்கும் உலக்கை, துருத்தி. ஐல் ஆஃப் மேன் தீவில் 1854-ல் கட்டிய லாக்ஸி சக்கரத்தின் விட்டம் 22 மீட்டருக்கு மேல், நிமிடத்துக்கு மூன்று சுற்றுதான். ஆனால் அச்சில் ஒரு வளைகை (கிராங்க்), அதிலிருந்து நீண்ட மரக்கம்பிகள், அவ்வளவே. சுரங்கத்தில் தேங்கிய தண்ணீரை அதுதான் இறைத்தது. மெதுவான சக்கரத்துக்கு மெதுவான வேலை, நடுவில் வேகம் கூட்டும் எந்தச் சங்கடமும் இல்லை. நாங்களும் பழைய சின்ன பம்பைத் தூக்கிவிட்டு, வளைகையில் ஒரு பிஸ்டன் பம்பை மாட்டினோம்.

உங்கள் இடத்தில் வீழ்ச்சி பத்து, இருபது மீட்டர் என்றால் சக்கரத்தை மறந்துவிடுங்கள். குழாயில் இறக்கி, டர்பைன்தான். தண்ணீர் குறைவு, உயரம் மிக அதிகம் என்றால் பெல்டன், அதாவது விளிம்பில் கிண்ணங்கள் கொண்ட சக்கரத்தின் மேல் தண்ணீரைப் பீச்சும் டர்பைன். 20 மீட்டரில் பீச்சும் தண்ணீர் நொடிக்கு 19.8 மீட்டர் வேகம், கிண்ணம் அதில் பாதி வேகத்தில் ஓட வேண்டும். அப்போதுதான் திருப்பி அனுப்பப்படும் தண்ணீர் கிண்ணத்தை விட்டு விழும்போது ஏறக்குறைய வேகமே இல்லாமல் விழும். பாருங்கள், மறுபடி போர்டா. இடைப்பட்ட உயரத்துக்கு, சாதாரண சென்ட்ரிஃபியூகல் பம்பை எதிர்த்திசையில் தண்ணீர் விட்டே டர்பைனாக ஓட்டுவார்கள். செலவு குறைவு, ஆனால் தண்ணீரின் அளவு மாறினால் திறன் சட்டென்று விழும். தண்ணீரை மேலே ஏற்றுவது மட்டும்தான் உங்கள் நோக்கம் என்றால் சுழலும் எந்திரமே வேண்டாம். 1796-ல் ஜோசஃப் மோன்கோல்ஃபியே (வெப்பக்காற்று பலூன் செய்த சகோதரர்களில் ஒருவர்) தானாகவே அடிக்கும் ஹைட்ராலிக் ராம் செய்தார். இரண்டு வால்வும் ஒரு காற்றறையும்தான். வரும் தண்ணீரில் பெரும் பகுதியைக் கீழே விட்டுவிட்டு, சிறு பகுதியை உயரத்துக்குத் தள்ளும். முதலில் கேட்டீர்களே, தண்ணீரே தண்ணீரை ஏற்றுமா என்று. இப்படி ஏற்றும், கொஞ்சமாக.

கட்டுமானத்தில் எங்களைப் படுத்தியது பேரிங். மூடிய பேரிங்தானே என்று தண்ணீர் தெறிக்கும் இடத்திலேயே வைத்தோம். மூன்று வாரத்தில் கரகரவென்று சத்தம், திறந்தால் துருப்பிடித்த கஞ்சி. அச்சை நீட்டி, பேரிங்கைத் தெறிப்புக்கு வெளியே தள்ளி, நடுவில் ஒரு தகரத் தட்டை வளையமாக மாட்டினோம். அச்சு வழியே வழியும் தண்ணீர் அந்தத் தட்டின் விளிம்பில் சொட்டிவிடும். அச்சைத் தடிமனாகவே எடுங்கள். சக்கரத்தின் எடை போக, ஒரு பக்கத்தில் மட்டும் எந்நேரமும் 80 கிலோவுக்குக் குறையாமல் தண்ணீர் தொங்கிக்கொண்டிருக்கும். தண்ணீர் நுழையும் இடத்தில் கம்பி வலை கட்டாயம், இல்லாவிட்டால் இலை தழை எல்லாம் தொட்டிக்குள் குடியேறும்.

மதகு, அதாவது தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிடும் ஒரு பலகை, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். தண்ணீர் விழுந்துகொண்டிருக்கும்போதே நண்பர் ஒருநாள் பம்பைச் சரிபார்க்க இணைப்பைக் கழற்றினார். சுமை போன சக்கரம் விர்ரென்று வேகமெடுத்து, இரண்டு தொட்டிப் பலகைகள் பிய்ந்து பறந்தன. நல்ல வேளையாக எதிர்ப்பக்கம் பறந்தன. அன்றிலிருந்து முதலில் மதகு, சக்கரம் முழுக்க நின்ற பிறகுதான் ஸ்பேனர்.