சர்வர் அப்டேட் பாதியில் நிற்கிறதா? ஃபார்மட் பேச்சை முதலில் நிறுத்துங்கள்

கேள்வி: எங்கள் ஆபீஸ் சர்வரில் உபுண்டு அப்டேட் ஒவ்வொரு தடவையும் பிழை காட்டிப் பாதியில் நின்றுவிடுகிறது. ஃபார்மட் செய்துவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். வேறு வழியே இல்லையா?

இருக்கிறது. ஃபார்மட் என்று கேட்டாலே எனக்கு ஆத்திரம் வரும், அதனால் பதில் கொஞ்சம் நீளும். உங்களிடம் அப்படிச் சொன்னவர் பெரும்பாலும் லாக்கை, அதாவது சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவை, திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். உங்கள் பேக்கப்பும் எப்போதோ எடுத்ததாகத்தான் இருக்கும். முதலில் அதைப் புதிதாக எடுத்து வையுங்கள்.

எங்கள் திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் ஒரு ஜவுளிக்கடை. பில்லிங் முழுக்க உபுண்டு 20.04 சர்வரில். தீபாவளி ஏவாரம் சூடுபிடிக்கிற நேரத்தில் முதலாளி அண்ணாச்சி கூப்பிட்டார். "தம்பி, எல்லாத்தையும் அழிச்சிட்டு மொதல்ல இருந்து போடணும்னு ஒருத்தன் சொல்லுதான். கணக்கெல்லாம் போயிரும்லா? நீ வந்து ஒரு எட்டு பாரு."

போய்ப் பார்த்தால், திரையின் கடைசி வரியில் டிபிகேஜி (உபுண்டுவில் மென்பொருள் பொதிகளை நிறுவும் கருவி) பிழை எண் 1 என்று நிற்கிறது. எல்லோரும் அந்த வரியைத்தான் கூகிளில் தேடுகிறார்கள். அதில் ஒன்றுமே இல்லை. "எங்கோ தோற்றுவிட்டேன்" என்பதைத் தவிர அது எதையும் சொல்லாது. வார், லாக், ஆப்ட் (/var/log/apt) என்று ஃபோல்டருக்குள் போனால் டெர்ம் லாக் (term.log) என்றொரு கோப்பு இருக்கும். அதில் கீழிருந்து மேலே ஏறி, முதல் பிழை எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள். அங்கே தெளிவாக இருந்தது: இனிட்ராம்எஃப்எஸ் (சர்வர் கிளம்பும்போது முதலில் ஏற்றிக்கொள்ளும் கோப்பு) உருவாக்கும்போது டிஸ்க்கில் இடம் இல்லை.

"ஒரு டிபி டிஸ்க் வாங்கிப் போட்டிருக்கேன், இடமில்லைன்னா என்னடே அர்த்தம்?" என்றார் அண்ணாச்சி. நியாயமான கேள்வி. எங்கே எவ்வளவு இடம் மீதி என்று சொல்லும் டிஎஃப் -எச் (df -h) கட்டளையைக் கொடுத்துக் காட்டினேன். பெரிய டிஸ்க் பாதிகூட நிறையவில்லை. ஆனால் பூட் (/boot), அதாவது சர்வரைக் கிளப்பும் கோப்புகள் இருக்கும் இடம், தனிப் பார்ட்டிஷன், சில நூறு எம்பிதான். அது 100 சதவீதம். கர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. அதன் ஒவ்வொரு அப்டேட்டும் தன் பங்குக்கு ஒரு இனிட்ஆர்டி கோப்பை (மேலே சொன்ன இனிட்ராம்எஃப்எஸ்தான்) அங்கே வைக்கும். பழையதை யாரும் நீக்காததால் அடைத்துக்கொண்டது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய கர்னலை நீக்க, அப்டேட்டை ஓட்டும் ஆப்ட் கருவியிலேயே ஆட்டோரிமூவ் என்ற கட்டளை இருக்கிறது. ஆனால் ஒரு பொதி அரைகுறையாக நிற்கும்போது அதுவும் ஓடாது. அதனால் யுநேம் -ஆர் கொடுத்து இப்போது ஓடும் கர்னல் எது என்று பார்த்துக்கொண்டு, அதைத் தொடாமல், ஆகப் பழைய இனிட்ஆர்டி கோப்பு ஒன்றை மட்டும் பூட் பார்ட்டிஷனிலிருந்து வேறு இடத்துக்கு நகர்த்தினேன். பிறகு அரைகுறையாக நின்றதை முடிக்க டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ, அடுத்து ஆப்ட் -எஃப் இன்ஸ்டால், கடைசியில் ஆட்டோரிமூவ். முடிந்தது. கணக்கில் ஒரு பைசா போகவில்லை.

லினக்ஸ் கரைத்துக் குடித்தவர்கள் சண்டைக்கு வர வேண்டாம். பூட் பார்ட்டிஷனில் கைவைப்பது ஒழுங்கான முறை இல்லை என்பது எனக்கும் தெரியும். அதனால்தான் அழிக்காமல் நகர்த்தினேன். யூட்யூபில் லாக் (lock) ஃபைலை, அதாவது ஒரே நேரத்தில் இரண்டு அப்டேட் ஓடாமல் தடுக்கும் பூட்டை, நீக்கச் சொல்கிறார்களே, அதைவிட இது எவ்வளவோ மேல். அந்தப் பூட்டை வேறொன்று பிடித்து வைத்திருக்கிறது என்றால் பின்னால் இன்னொரு அப்டேட் ஓடிக்கொண்டிருக்கலாம். அதை உடைத்தால் பொதிப் பட்டியலே சீரழியலாம்.

விண்டோஸ்காரர்களும் சிரிக்க வேண்டாம். 2024 ஜனவரியில் சர்வர் 2022-க்கு வந்த ரெக்கவரி அப்டேட் 80070643 என்ற பிழையோடு விழுந்தது. காரணம், ரெக்கவரி பார்ட்டிஷனில் 250 எம்பி காலி இல்லாதது. ஆனால் திரையில் காட்டியதோ பொதுவான இன்ஸ்டால் பிழை. பார்ட்டிஷனைக் கையால் பெரிதாக்காமல் எத்தனை தரம் ஓட்டினாலும் அதேதான்.

வேலை முடிந்ததும் அண்ணாச்சி கேட்டார், "ஒண்ணும் புதுசாப் போடலையே, இதுக்கா இவ்ளோ ரூவா?" ஃபார்மட் அடித்து ரெண்டு நாள் கடையைப் படுக்கப் போட்டிருந்தால் வாய் பேசாமல் கொடுத்திருப்பார். இதுகூடப் பரவாயில்லை. கல்யாண வீட்டுப் பந்தியில் "இன்னும் பாளையங்கோட்டையிலதான் இருக்கியா? மெட்ராஸ்ல ஒண்ணும் கெடைக்கலையோ?" என்று கேட்கிற சித்தப்பாமாரை என்ன செய்ய? அவர்கள் மகன் பெங்களூரில் இருந்துகொண்டு ராத்திரி பதினொரு மணிக்கு எனக்குத்தான் சந்தேகம் கேட்டு போன் போடுகிறான். அதை யாரும் பந்தியில் சொல்வதில்லை. சரி, விடுங்கள்.

உங்கள் பூட் பார்ட்டிஷனில் இடம் இருந்தால், டிஎஃப் -ஐ (df -i) கொடுத்து ஐநோடு, அதாவது ஒவ்வொரு கோப்புக்கும் தேவைப்படும் பதிவு இடம், தீர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இடம் இருந்தும் எழுத முடியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம். அதுவும் இல்லையென்றால் டெர்ம் லாக்கில் முதல் பிழை வரியையும் அதற்கு மேல் பத்து வரியையும் கேள்வியில் சேர்த்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். பக்கத்தில் சென்டோஸ் 7 (இன்னொரு வகை லினக்ஸ்) சர்வர் ஏதும் இருந்து அதிலும் யம் என்ற அப்டேட் கருவி ஓடவில்லை என்றால் அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். 2024 ஜூன் 30-ஓடு அதன் ஆதரவு முடிந்து, பொதிகளெல்லாம் வால்ட் என்ற பழைய பொதிக் கிடங்குக்குப் போய்விட்டன. அந்த ஒன்றுக்கு மட்டும் புதிதாகப் போடச் சொல்வது சரிதான்.