ஜப்பான் பேனாவுக்கு வரி எவ்வளவு வரும்?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற ஆசிரியர், மதுரை திருநகரில் இருக்கிறேன். மைப் பேனா சேர்ப்பது பொழுதுபோக்கு. ஜப்பானில் ஒரு கடையில் 16,000 ரூபாய்க்கு ஒரு பேனா பார்த்து வைத்திருக்கிறேன், கூரியருக்கு 1,500. “கிஃப்ட் என்று எழுதி, விலையைக் குறைத்துப் போடட்டுமா?” என்று கடைக்காரர் கேட்கிறார். டவுன்ஹால் ரோட்டில் ஒருவர் 2,000 கொடுத்தால் வரியே இல்லாமல் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த டவுன்ஹால் ரோட்டுக்காரருக்கு ஒரு கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள், சார். தூத்துக்குடியில் பல வருஷம் கிளியரிங் வேலை, அதாவது சுங்கத்திலிருந்து சரக்கை எடுத்துக் கொடுக்கும் வேலை, பார்த்தவன் சொல்கிறேன். கூரியரில் வரும் பொருளுக்குக் கூரியர் கம்பெனியே சுங்கத்தில் கணக்குக் காட்டி, வரியை உங்களிடம் வாங்கிக்கொள்ளும். தபாலில் வந்தால் சுங்கத்தில் வரி போட்டு அனுப்புவார்கள், தபால்காரரிடம் கட்டினால் போதும். நடுவில் இவருக்கு என்ன வேலை? உங்கள் ஆதார், பான் நகல்தான் அவருக்கு வேண்டும். அது கைக்குப் போனால் யாருடைய சரக்கோ உங்கள் பெயரில் இறங்கும், நோட்டீஸ் மட்டும் திருநகருக்கு வரும். கூரியர் கம்பெனியும் ஆதார் கேட்கும்தான். அதை அவர்களுடைய சொந்தத் தளத்தில் மட்டும் ஏற்றுங்கள், வாட்ஸப்பில் கேட்கிற ஆளுக்கு அனுப்பாதீர்கள்.

அடுத்து இந்த ‘கிஃப்ட்’. ஒரு காலத்தில் குறிப்பிட்ட மதிப்பு வரை அன்பளிப்புக்கு வரி இல்லாமல் இருந்தது. அந்த ஞாபகத்தில்தான் வெளிநாட்டுக் கடைக்காரர்கள் இன்னும் கேட்கிறார்கள். 2019 டிசம்பரில் வெளிநாட்டு வர்த்தக இயக்ககம் அதை மூடிவிட்டது. தபாலிலோ கூரியரிலோ அன்பளிப்பு என்று சொல்லி வரியில்லாமல் எடுக்க முடியாது; முழு வரி கட்டினால் தாராளமாக வரலாம். விலக்கு இரண்டே இரண்டு: உயிர் காக்கும் மருந்து, ராக்கிக் கயிறு. ஆமாம், ராக்கி! அதிலும் கயிறுக்கு மட்டும்தான் விலக்கு, கூட வைக்கிற பரிசுக்குக் கிடையாது. ஏன் தெரியுமா? வரி 100 ரூபாய்க்கு மேல் போகாவிட்டால் வசூலிக்க வேண்டாம் என்று சுங்கச் சட்டம் 25(6) பிரிவு சொல்கிறது, கயிறு அதற்குள் அடங்கிவிடும். கயிறோடு ஒரு கைக்கடிகாரம் வந்தால் கடிகாரத்துக்கு வரி உண்டு. மதுரையில் எத்தனை வீட்டில் ராக்கி கட்டுகிறார்கள் என்று கேட்காதீர்கள், டெல்லியில் உட்கார்ந்து எழுதினால் இப்படித்தான் வரும். உங்கள் பேனா மருந்தும் இல்லை, கயிறும் இல்லை.

விலையைக் குறைத்துப் போடச் சொல்லவே சொல்லாதீர்கள். அதிகாரி அதே பேனாவை இணையத்தில் தேடிப் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். அப்புறம் அவர் போடுவதுதான் விலை, மேலே அபராதமும் வரலாம். வழியில் பார்சல் தொலைந்தால் இழப்பீடும் அந்தக் குறைந்த விலைக்குத்தான்.

சரி, கணக்குக்கு வருவோம். பொருள் விலைக்கு மட்டும் வரி என்று பலர் நினைக்கிறார்கள். கூரியர் கட்டணமும் காப்பீடும் அதில் சேரும். காப்பீட்டுக்குப் பில் இல்லையென்றால் பொருள் விலையில் 1.125% சேர்ப்பார்கள், உங்களுக்கு 180 ரூபாய். ஆக 17,680. அடிப்படை வரி 10%, ஐஜிஎஸ்டி (இறக்குமதிக்குப் போடும் ஜிஎஸ்டி) 18%, நடுவில் சமூக நலக் கூடுதல் கட்டணமும் உண்டு என்று வைத்துப் பார்ப்போம். அடிப்படை வரி 1,768. அதில் பத்தில் ஒரு பங்கு கூடுதல் கட்டணம், 177. இவை எல்லாம் சேர்ந்த 19,625-க்கு ஐஜிஎஸ்டி 3,532. மொத்தம் 5,477 ரூபாய். வரிக்கு மேல் வரி போடுகிறார்கள் என்று என்னிடம் கோபப்படாதீர்கள், நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் விகிதம் மாறும். ஆர்டர் போடும் வாரத்தில் என்ன விகிதம் என்று கூரியர் கம்பெனியிடம் எழுத்தில் கேட்டு இதே வரிசையில் போட்டுப் பாருங்கள். ஒரு சாதாரண மனுஷன் ஒரு பேனா வாங்க எவ்வளவு ஆகும் என்று ஒரே தாளில் எழுதி ஒட்டிவைக்க இத்தனை வருஷமாக யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கு மேல் கூரியர் கம்பெனி தன் சேவைக் கட்டணம் என்று தனியாக ஒரு தொகை போடும். அது அரசு வரி அல்ல, முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

“கஸ்டம்ஸிலிருந்து பேசுகிறோம், உடனே ஜிபே பண்ணுங்கள்” என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். சுங்கத்துறைக் கடிதத்தில் பொதுவாக டின் என்ற ஆவண எண் இருக்கும், மத்திய மறைமுக வரி வாரியத்தின் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம்.

பில்லில் உண்மையான விலையோடு ‘ஃபவுண்டன் பேனா, 1’ என்று எழுதச் சொல்லுங்கள். பணம் கட்டிய வங்கி ரசீதை எடுத்து வையுங்கள், விலையில் சந்தேகம் வந்தால் அதைத்தான் கேட்பார்கள். மை பாட்டிலையும் அதே பார்சலில் போடச் சொல்லாதீர்கள். அது உடைந்தால் வரி கட்டிய பேனாவையும் சேர்த்துக் கழுவ வேண்டியிருக்கும்.