டியேப்போலோ ஓவியத்தில் டென்னிஸ் மட்டையா?

இத்தாலிய ஓவியர் டியேப்போலோவின் ‘ஹயசிந்தஸின் மரணம்’ ஓவியத்துக்கு நீங்கள் வாங்கிய அச்சுப்படத்தைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், அது போலி இல்லை. ஹயசிந்தஸ் செத்துக்கிடக்கும் இடத்தில் டென்னிஸ் மட்டை எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். மாட்ரிட்டில் தீசென்-போர்னமிசா அருங்காட்சியகத்தில் உள்ள மூலப் படத்திலும் அது தரையில் கிடக்கிறது, பந்துகளோடு. ரோமானியக் கவிஞர் ஓவிட் சொன்ன கதையில் அப்பல்லோ என்ற கடவுள் எறிந்த வட்டு பட்டுத்தான் அவன் காதலன் ஹயசிந்தஸ் சாகிறான். 1561இல் அங்குயிலாரா என்ற கவிஞர் அதை இத்தாலிய மொழியில் எழுதும்போது வட்டெறிதலைப் பந்தாட்டமாக்கிவிட்டார். 1752-53 வாக்கில் வரைந்த டியேப்போலோவும் அப்படியே எடுத்துக்கொண்டார். பிரபுக்களுக்குப் பழக்கமான ஆட்டம்தானே. பந்து பட்ட கன்னத்தைப் பாருங்கள், கன்றியிருக்கும். அப்புறம், ஓரத்தில் ஆட்டுக்கால் கொண்ட கிரேக்கக் கடவுள் பானின் சிலை இளித்துக்கொண்டிருக்கிறது. மட்டையைவிட எனக்கு அதுதான் உறுத்துகிறது.