கீபோர்டு என்றாலே அழுகிறாள், வகுப்பை நிறுத்திவிடலாமா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. கீபோர்டு வகுப்பில் சேர்த்து ஐந்து மாதம் ஆகிறது. ஆசையாகப் போனவள், இப்போது ‘பிராக்டிஸ் பண்ணு’ என்றாலே அழுகிறாள். நோட்டேஷன் பார்த்து வாசிக்கத் திணறுகிறாள். வகுப்பிலோ கிரேடு தேர்வுக்குப் பணம் கட்டச் சொல்கிறார்கள். எனக்கு இசை தெரியாது. நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: வகுப்பை நிறுத்தாதீர்கள். தேர்வை மட்டும் தள்ளிப்போடுங்கள்.

புத்தகத்தைத் திறந்ததும் அந்தப் பிள்ளைக்கு எத்தனை வேலை என்று பாருங்கள். ஐந்து கோட்டில் புள்ளி எங்கே இருக்கிறது, அதன் பெயர் என்ன, அந்தக் கட்டை எது, எந்த விரலால் அழுத்துவது, எத்தனை எண்ணிக்கை பிடிப்பது. இவ்வளவையும் ஒரே நொடியில் செய்யும்போது காதுக்கு வேலையே இல்லை. பேச்சு நன்றாக வந்த பிறகுதானே நம் பிள்ளைகளுக்கு ‘அ’ எழுதச் சொல்லித்தருகிறோம்? ஜப்பானிய வயலின் ஆசிரியர் ஷினிச்சி சுசுகி, குழந்தை தாய்மொழியைப் பழகும் இந்த வழியை வைத்தே தன் கற்பித்தல் முறையை அமைத்தார். கேட்பது முதலில், படிப்பது பிறகு.

இன்று மாலை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இதைச் செய்து பாருங்கள். கறுப்புக் கட்டைகள் இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் மாறி மாறி இருக்கும். நீங்கள் கீபோர்டின் இடப்பக்கம் உட்கார்ந்து, மூன்று இருக்கும் இடத்தில் இடது ஓரக் கட்டையையும், அதற்கு வலப்பக்கம் வரும் இரண்டில் இடதுகட்டையையும் சேர்த்து அழுத்துங்கள். நான்கு எண்ணி மறுபடி அழுத்துங்கள். அது ‘ச’வும் ‘ப’வும், தம்புராவுக்குப் பதில். மகள் வலப்பக்கத்தில் கறுப்புக் கட்டைகளை மட்டும் தன் இஷ்டத்துக்கு வாசிக்கட்டும். எதைத் தொட்டாலும் காதை உறுத்தாது. ஒன்றோடொன்று உரசும் அரைச்சுர இடைவெளி அந்த ஐந்தில் எங்குமே இல்லை.

அவள் வாசிப்பது மோகன ராகத்தின் ச ரி க ப த. பாட்டு வகுப்பில் பிள்ளைகள் ஆரம்பத்தில் படிக்கும் கீதங்களில் மோகன கீதமும் உண்டு, அதே சுரங்கள்தான். கமகம், அதாவது சுரத்தை அசைத்து இழைப்பது, இல்லாமல் அது முழு ராகம் ஆகிவிடாது. ஆனாலும் முதல் நாளே இசை மாதிரி ஒன்று அவள் விரலிலிருந்து வந்துவிடும்.

என்னிடம் படித்த ஒரு பையன் இப்படி விளையாடிக்கொண்டிருந்தான். நான் என் இடதுகையை மூன்று கட்டையில் வலது ஓரத்துக்கு நகர்த்தி அதையே ‘ச’வாகப் பிடித்தேன். அவன் கட்டைகள் மாறவில்லை. சட்டென்று நிறுத்தி, “மிஸ், ஏன் சோகமாயிடுச்சு?” என்றான். அது ஹிந்தோள ராகத்தின் சுரவரிசை. நடுக்கட்டையை ‘ச’ ஆக்கினால் மத்தியமாவதி ராகம் வரும். அதே சுரங்களில் ‘ச’வை மட்டும் இடம் மாற்றி வேறு ராகம் காண்பதை, கிரக பேதம் என்று பெரியவர்கள் சொல்வதை, அவன் பெயர் தெரியாமலே கேட்டுவிட்டான். அன்று வகுப்பு முடிந்தும் அவன் எழுந்திருக்கவில்லை.

உட்காரும் விதத்தையும் பாருங்கள். பல வீடுகளில் உயரமான ஸ்டாண்டு, தாழ்ந்த பிளாஸ்டிக் நாற்காலி. தோள் தூக்கிக்கொள்ளும், மணிக்கட்டு தொங்கும், கால் அந்தரத்தில் ஆடும். கால் மணி நேரத்தில் வலிக்கும். அதைச் சொல்லத் தெரியாமலும் பிள்ளை அழலாம். முழங்கை கட்டைகளின் உயரத்துக்கு வரும்படி தலையணையோ மடித்த போர்வையோ போடுங்கள். பாதத்துக்குக் கீழே ஒரு மணைப்பலகை வையுங்கள். விரல்கள் எலுமிச்சம்பழத்தைப் பிடித்ததுபோல லேசாக வளைந்திருந்தால் போதும்.

பயிற்சிக்கு தினமும் பத்து நிமிடம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது. ஐந்து நிமிடம் கறுப்புக் கட்டை விளையாட்டு, ஐந்து நிமிடம் வகுப்புப் பாடம். அந்தப் பாடத்தையும் முதலில் வலதுகை தனியே, பிறகு இடதுகை தனியே.

கட்டைகளின் மேல் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எடுத்துவிடுங்கள். கண் அதிலேயே நின்றுவிடும். இரண்டு கறுப்புக் கட்டைக்கு இடப்பக்கத்தில் ஒட்டி இருக்கும் வெள்ளைக் கட்டை ‘சி’ (C). இந்த ஒரு அடையாளத்தை வைத்தே மற்றதையெல்லாம் பிடித்துவிடுவாள்.

அடுத்த வகுப்பில் ஆசிரியரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். புதுப் பாடத்தை முதலில் அவர் வாசித்துக் காட்டட்டும், நீங்கள் போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். கேட்டுப் பழகிய மெட்டை நோட்டேஷனில் பார்க்கும்போது, புள்ளி மேலே ஏறினால் சுரமும் ஏறுகிறது என்பது அவளுக்குத் தானாகப் பிடிபடும். இரண்டாவது, தேர்வுக்கு ஒரு வருடம் அவகாசம். கிரேடு 1-க்கு முன்னால் இனிஷியல் என்று ஒரு படி இருக்கிறது, வேண்டுமானால் அப்போது அதிலிருந்து தொடங்கலாம். பணம் கட்டியே ஆக வேண்டும் என்று வற்புறுத்தினால், தயங்காமல் வேறு வகுப்பு பாருங்கள்.