ஏட்டுச் சுரைக்காய்

கேள்வி: சென்ற இதழில் பௌத்தத் துறவி ஞானபோணிக தேரரைப் பெரிய தியான ஆசான் என்று எழுதியிருந்தீர்கள். அவருடைய வாழ்க்கைக் குறிப்பைத் தேடிப் படித்தேன். பாலி நூல்களை மொழிபெயர்த்தார், விளக்கம் எழுதினார், பதிப்பகம் நடத்தினார். அறிஞர் என்றால் ஒப்புக்கொள்கிறேன். தியான ஆசான் என்பது எப்படிப் பொருந்தும்? நான் பத்து நாள் தியான முகாமுக்குப் போய் வந்தவன். உள்ளே நுழைந்ததுமே புத்தகம், பேனா எல்லாவற்றையும் வாங்கி வைத்துவிட்டார்கள். அந்தப் பத்து நாளில் கிடைத்தது ஆயிரம் பக்கம் படித்தாலும் கிடைத்திருக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: உதவியிருக்கிறது. நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்ததே அந்தச் சுரைக்காயைத்தான்.

உங்கள் பத்து நாளை நான் குறைத்துப் பேசவில்லை. பேச்சை விட்டு, கைபேசியை விட்டுப் பத்து நாள் உட்கார்ந்து எழுவது எளிதல்ல. அந்த நாட்களில் புத்தகத்தை வாங்கி வைப்பதும் சரியான ஏற்பாடுதான். ஆனால் மூச்சைக் கவனி, உடலில் எழும் உணர்ச்சியைக் கவனி, அதன் பின்னால் ஓடாதே என்று உங்களுக்குச் சொல்லித் தந்தார்களே, அது எங்கிருந்து வந்தது? மச்சிம நிகாயம் என்ற பாலித் தொகுப்பில் பத்தாவதாக இருக்கும் சதிபட்டான சுத்தத்திலிருந்து, அதாவது கவனத்தை நிலைநிறுத்துவது பற்றிய புத்தரின் உரையிலிருந்து, வந்தது. அதை மனப்பாடம் செய்து, ஓலையில் எழுதி, பிரதியெடுத்து, உரை கண்டு, மொழிபெயர்த்து உங்கள் கைவரை கொண்டுவந்தவர்கள் படித்தவர்கள். அந்த வரிசையில் கடைசியாக வந்தவர்களில் ஒருவர்தான் நீங்கள் கேட்கும் மனிதர்.

அவர் 1901இல் ஜெர்மனியில் ஹனாவ் என்ற ஊரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெயர் சீக்முண்ட் ஃபெனிகர். இளம் வயதில் புத்தகக் கடையில் வேலை பார்த்தவர். அங்கே கைக்குக் கிடைத்த நூல்களிலிருந்துதான் பௌத்தம் அவருக்குள் நுழைந்தது. ஹிட்லர் ஆட்சி வந்தபின் தாயை அழைத்துக்கொண்டு வியன்னா போனார். 1936இல் இலங்கைக்கு வந்து, தொடந்துவையில் நீரேரி நடுவே இருந்த தீவு ஆசிரமத்தில் ஞானதிலோகரிடம் துறவு ஏற்றார். ஞானதிலோகரும் ஜெர்மானியர்தான், 1911இல் அந்த ஆசிரமத்தைத் தொடங்கியவர். சீடருக்கு அவர் இட்ட பெயருக்குப் பொருள் 'ஞானத்தை நோக்கிச் சாய்பவர்' என்பது. 1939இல் தாயையும் இலங்கைக்கு வரவழைத்தார். அந்த அம்மையாரும் பௌத்தத்தைத் தழுவி, 1956இல் கொழும்பில் காலமானார்.

அதே 1939இல் போர் வந்தது. யூதர் என்பதால் ஜெர்மனியில் இருக்க முடியாமல் போனவரை, ஜெர்மானியர் என்று சொல்லி ஆங்கில அரசு பிடித்து அடைத்தது. முதலில் தியத்தலாவை, பிறகு இமயத்தின் அடிவாரத்தில் டேராடூன். 1946 வரை முள்வேலிக்குள். அந்த ஆண்டுகளில் சுத்த நிபாதம் என்ற பழைய பாலித் தொகுப்பை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்தார். பௌத்த நூல்களில் தத்துவப் பகுதியான அபிதம்மத்தின் முதல் நூலான தம்மசங்கணியையும் அதன் பழைய உரையையும் மொழிபெயர்த்தார். சதிபட்டானம் பற்றிய பகுதிகளைப் பல நூல்களிலிருந்து திரட்டினார். கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். எப்போது விடுவிப்பார்கள் என்று தெரியாது, வெளியே உலகம் எரிகிறது, அவர் ஒரு பாலிச் சொல்லுக்கு முன்னால் உட்கார்ந்து அது நழுவாதபடி பிடித்துக்கொண்டிருக்கிறார். இதைத் தியானம் இல்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் படித்த வாழ்க்கைக் குறிப்பில் விட்டுப்போன ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1952இல், மூல நூல்களைச் சரிபார்க்கத் துறவிகள் கூடும் ஆறாவது பௌத்தப் பேரவைக்கான ஆலோசனைக்காகக் குருவோடு பர்மா போனார். போன வேலை முடிந்ததும் ரங்கூனில் தங்கி, பர்மியத் தியான ஆசானான மகாசி சயாதோ என்ற துறவியிடம் பயிற்சிக்கு உட்கார்ந்தார். அப்போது வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. துறவியாகிப் பதினைந்து ஆண்டுக்கு மேல் ஆகியிருந்தது. அபிதம்மம் பற்றி ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்டிருந்தார். அத்தனையையும் ஓரமாக வைத்துவிட்டு, வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிக்கும் மாணவராக அமர்ந்தார். அந்தப் பயிற்சிக்குப் பிறகு எழுதியதுதான் 1954இல் ஆங்கிலத்தில் வந்த 'பௌத்த தியானத்தின் இதயம்'. எரிக் ஃப்ரோம் போன்ற உளவியலாளர்கள் அதைப் போற்றினார்கள். 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் நோயாளிகளுக்கு மனக்கவனப் பயிற்சியைத் தொடங்கிய ஜான் கபாட்-ஜின் அந்த நூலிலிருந்து மேற்கோள் காட்டி எழுதியிருக்கிறார். இன்று கைபேசிச் செயலியில் 'மைண்ட்ஃபுல்னஸ்' என்று விற்பனைக்கு வருவதன் வேர்களில் ஒன்று கண்டியில் ஒரு காட்டுக் குடிலில் இருக்கிறது.

மகாசியைப் பற்றியும் ஒரு செய்தி. ஏட்டை மூடிவைத்தவர் என்று அவரை நினைத்துவிடாதீர்கள். 1954இல் தொடங்கிய அந்தப் பேரவையில் மூல நூல்களைப் பற்றிக் கேள்வி கேட்கும் பொறுப்பு அவருடையது. முதல் பேரவையில் புத்தரின் சீடர் மகாகாசியபர் வகித்த இடம் அது. தியான வழியை விளக்கும் பழைய பாலி நூலான விசுத்திமார்க்கத்தைப் பர்மிய மொழிக்குக் கொண்டுவந்தவரும் அவர். அந்த நூற்றாண்டில் மிக அதிகம் பேரைத் தியானத்தில் அமர்த்திய ஆசான்களில் ஒருவர், தன் காலத்தின் பெரிய பாலி அறிஞர்களிலும் ஒருவர். நீங்கள் போடும் கோடு அவருக்கே தெரியாத கோடு.

எனக்கு உண்மையில் கவலை தருவது வேறு. ஏட்டைத் தள்ளிவிட்டால் பயிற்சியில் பாதி காணாமல் போகிறது. காணாமல் போனதுகூடத் தெரிவதில்லை. ஞானபோணிகர் தம் நூலில் 'சதி'யை, அதாவது பாலி நூல்கள் சொல்லும் மனக்கவனத்தை, இரண்டு கையாகப் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று வெற்றுக் கவனம்: வருவதை வருகிறபடி, தீர்ப்புச் சொல்லாமல் பார்ப்பது. செயலிக்காரர்கள் எடுத்துக்கொண்டது இதை மட்டும். மற்றொன்று சம்பஜஞ்ஞம், தெளிந்த அறிவு. பழைய உரைகள் அதை நான்காகச் சொல்கின்றன: செய்யப்போவதால் பயன் உண்டா, அதற்கு இது ஏற்ற வழியா, பயிற்சியின் எல்லைக்குள் நிற்கிறேனா, செய்பவன் 'நான்' என்ற மயக்கம் இல்லாமல் செய்கிறேனா. முதல் கேள்வியே பயனைப் பற்றியது. ஓடுமீன் ஓட உறுமீன் வரும்வரை நிற்கும் கொக்குக்கும் கவனம் உண்டு. அதைத் தியானம் என்று யாரும் சொல்வதில்லை. இந்த இரண்டாவது கையை உங்கள் முகாம் சொல்லித் தந்திருக்கலாம். சொல்லியிருந்தால், அதுவும் ஏட்டிலிருந்து எடுத்துச் சொன்னதே.

சதி என்ற பாலிச் சொல் வடமொழி ஸ்மிருதிதான். நினைவு என்று பொருள். புத்தர் சொன்ன எண்வகை வழியில் ஏழாவதாக வரும் சம்மா சதியைத் தமிழில் 'நற்கடைப்பிடி' என்று எழுதும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. கடைப்பிடி என்றால் என்ன? இறையனார் களவியல் உரை சொல்கிறது: கொண்ட பொருள் மறவாமை. 'மைண்ட்ஃபுல்னஸ்' என்ற சொல்லைக் கேட்டதும் பலரும் இந்தக் கணத்தில் இருப்பது என்று மட்டும் புரிந்துகொள்கிறார்கள். நம் பழந்தமிழ்ச் சொல் மூலத்துக்கு இன்னும் நெருங்கி நிற்கிறது. மறவாமல் இருக்க வேண்டுமானால் முதலில் ஒரு பொருளைக் கொண்டிருக்க வேண்டும். கொள்வது கேட்டும் படித்தும்தான். தமிழ் வாசகர் ஒருவரே ஏட்டுச் சுரைக்காய் என்று எழுதும்போது எனக்கு இதனால்தான் வலிக்கிறது.

பதிப்பகம் நடத்தினார் என்று குறையாக எழுதியிருக்கிறீர்கள். 1958 ஜனவரி முதல் நாள், ரிச்சர்ட் அபயசேகர, ஏ.எஸ். கருணாரத்ன என்ற இரண்டு கண்டிக்காரர்களோடு சேர்ந்து பௌத்த நூல் வெளியீட்டுச் சங்கத்தைத் தொடங்கினார். சில சிறு நூல்களோடு நிறுத்திக்கொள்ளும் எண்ணம்தான் முதலில் இருந்தது. கேட்டவர்கள் பெருகப் பெருக அது நூற்றுக்கணக்கான சிறு நூல்களாக வளர்ந்து உலகமெங்கும் தபாலில் போயிற்று. 1984 வரை பதிப்பாசிரியராக, 1988 வரை தலைவராக அவர் அந்த வேலையைச் சுமந்தார். மண்டபம் நிறைய ஆட்களை உட்கார வைத்தவர் அல்லர் அவர். அவருடைய கற்பித்தல் பெரும்பாலும் அந்தச் சிறு நூல்களின் வழியே நடந்தது. இப்போது சதிபட்டான சுத்தத்தில் தெளிந்த அறிவைப் பற்றிய பகுதியைப் பாருங்கள். முன்னே செல்லும்போது, திரும்பும்போது, கையை மடக்கும்போது, நீட்டும்போது, உண்ணும்போது, மலசலம் கழிக்கும்போது, பேசும்போது, பேசாதிருக்கும்போது என்று அடுக்கிக்கொண்டே போகிறது. அச்சுப்படி திருத்தும் கையை மட்டும் அதிலிருந்து யார் விலக்கினார்கள்?

கடைசி ஆண்டுகளில் கண்டியின் உடவத்தகலே காட்டிலிருந்த குடிலில் பிக்கு போதி உடனிருந்து அவரைப் பார்த்துக்கொண்டார். அமெரிக்காவில் தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்றுத் துறவியானவர். இன்று பாலி நிகாயங்களை ஆங்கிலத்தில் படிக்கும் பலர் எடுப்பது அவருடைய மொழிபெயர்ப்புகளைத்தான். 1994 அக்டோபர் 19, பௌத்தத் துறவிகள் ஆண்டுதோறும் ஓரிடத்தில் தங்கும் மழைக்கால வாசத்தில், ஞானபோணிகரின் ஐம்பத்தெட்டாவது வாசத்தின் கடைசி நாள். அன்று அவர் காலமானார்.

நீங்கள் அடுத்த முகாமுக்குப் போவீர்கள் என்று நம்புகிறேன், போக வேண்டும். வாசலில் புத்தகத்தை வாங்கிக்கொண்டால் கொடுத்துவிடுங்கள். அதற்கு முன் வீட்டில் ஒரு மாலை சதிபட்டான சுத்தத்தைப் படித்துவிட்டுப் போங்கள், சிறியதுதான். முடிவில், இப்படிப் பயில எவ்வளவு காலம் வேண்டும் என்று புத்தர் சொல்கிறார். ஏழு ஆண்டில் தொடங்கி ஒவ்வோர் ஆண்டாகக் குறைத்து, ஏழு மாதம், அரை மாதம் என்று இறங்கி, ஏழு நாளில் வந்து நிறுத்துகிறார். உங்கள் பத்து நாளை அந்த வரிசையில் வைத்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.