மாடியில் கண்ணாடி, கீழ்வீட்டில் வெயில்: கேள்வி பதில்

சூரியனோடு சேர்ந்து திரும்பும் கண்ணாடியை ஹீலியோஸ்டாட் என்பார்கள். அதை வைத்து வெளிச்சம், சூடு, கரண்ட் எடுக்க முடியுமா என்று நம் பகுதி ஆட்கள் கேட்டவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கொருக்குப்பேட்டை: அண்ணே, எங்க வீட்டுக்கு ரெண்டு பக்கமும் பொதுச்சுவர். நடுவுல நாலுக்கு நாலடி ஓ.டி.எஸ். (மேலே திறந்த வெளிச்சக் குழி) மட்டும்தான். பக்கத்து வீட்டுக்காரர் மூணாவது மாடி ஏத்தினதுல இருந்து கீழே சமையல்கட்டுல பகல்லயே லைட்டு எரியுது. கண்ணாடி வச்சு வெயிலை இறக்க முடியுமா?

முடியும் தம்பி. ஆனால் அதற்கு முன்னால் அந்த ஓ.டி.எஸ். சுவர் நாலிலும் மேலிருந்து கீழ் வரை வெள்ளை அடியுங்கள். பாசி பிடித்த சிமென்ட் சுவர் மேலே விழும் வெளிச்சத்தை அங்கேயே விழுங்கிவிடும். சிலருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும்.

போதவில்லை என்றால் கண்ணாடிக்கு வரலாம். சாதாரணக் கண்ணாடியைச் சாய்த்து நிறுத்தினால் ஆகாது. சூரியன் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது. பத்து மீட்டர் தள்ளி விழும் ஒளி பத்தே நிமிடத்தில் ஏறக்குறைய ஒன்றரை அடி விலகிப்போகும். உங்கள் குழியே நாலடிதான். அதனால் திரும்பும் கண்ணாடி வேண்டும்.

குழிக்கு நேர் மேலே ஒரே கண்ணாடியை வைத்து ஒளியைக் கீழே தள்ளலாம் என்று எல்லோருக்கும் முதலில் தோன்றும். உச்சி வேளையில் அது வேலை செய்யாது. சூரியன் தலைக்கு மேல் இருக்கும்போது ஒளியை நேர் கீழே அனுப்ப அந்தக் கண்ணாடி கிட்டத்தட்ட செங்குத்தாக நிற்க வேண்டும், அப்போது அதன் விளிம்பில்தான் வெயில் படும். இரண்டு கண்ணாடி வையுங்கள். திரும்பும் கண்ணாடி குழிக்கு வடக்கே நின்று ஒளியைத் தெற்கே வீசட்டும். குழியின் வாயில் அசையாமல் நிற்கும் இன்னொன்று அதைக் கீழே மடக்கட்டும். ஏன் வடக்கே? டிசம்பர் மதியம் சென்னையில் சூரியன் தெற்கே சாய்ந்து சுமார் 53 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கண்ணாடி தெற்கே இருந்து வடக்கே வீசினால் அந்த மாதங்களில் பாதி வெயில்கூடத் தேறாது. ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை நம் ஊரில் உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் போய்விடும். அப்போது கொஞ்சம் இழப்பு உண்டு, ஆனால் அந்த மாதங்களில் மதிய வெயில் தானாகவே குழிக்குள் எட்டிப் பார்க்கும்.

எவ்வளவு வெளிச்சம் கிடைக்கும்? இரண்டுக்கு இரண்டடி கண்ணாடிமேல் தெளிந்த வெயிலில் சுமார் 30,000 லூமன் (வெளிச்சத்தின் அளவு) விழும். சாய்வு, இரண்டு பிரதிபலிப்பு, தூசி எல்லாம் போக மூன்றில் ஒரு பங்கு கீழே வந்தால்கூட, ஒன்பது வாட் எல்.இ.டி. பல்பு பத்துக்கு மேல் எரிந்த மாதிரி. கரண்ட் கணக்கில் பார்த்தால் நாளுக்கு அரை யூனிட்தான் மிச்சம், அதுவும் சமையல்கட்டில் பத்து பல்பு போடுகிறவருக்கு. கரண்ட் பில்லுக்காக இதைச் செய்யாதீர்கள். வெயில் வேண்டும் என்றால் மட்டும் செய்யுங்கள்.

ராயபுரம்: வெளிச்சத்தோட சூடும் இறங்குமே, ஏற்கெனவே அடுப்பு மாதிரி இருக்கு வீடு?

ஒரு வாட் சூரிய ஒளியில் சுமார் 100 லூமன் இருக்கிறது, எல்.இ.டி.யிலும் அதே அளவுதான். சம வெளிச்சத்துக்குச் சம சூடு அக்கா, பயப்பட வேண்டாம்.

வியாசர்பாடி: டிப்ளமோ கடைசி வருஷம் சார். வெளிச்சத்தை உணர்ற ரெண்டு எல்.டி.ஆர். சென்சார், ஆர்டுயினோ போர்டு வச்சு டிராக்கர் செஞ்சேன். சூரியனை அழகா பார்க்குது, ஆனா ஒளி இலக்குல விழமாட்டேங்குது.

அது சூரியனைப் பார்ப்பதுதான் கோளாறு. சோலார் பேனல் சூரியனைப் பார்க்க வேண்டும். ஹீலியோஸ்டாட் கண்ணாடியோ சூரியனுக்கும் இலக்குக்கும் சரிபாதியில் பார்க்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டிய சென்சாரைக் கழற்றிவிட்டு, நேரத்தையும் தேதியையும் வைத்துக் கோணத்தைக் கணக்கிடுங்கள்.

இன்னும் எளிய வழியும் உண்டு. சுழலும் அச்சைத் துருவத்தை நோக்கி வையுங்கள்: வட முனை தரையிலிருந்து 13 டிகிரி தூக்கலாக, அதுதான் நம் அட்சரேகை. கண்ணாடி அந்த அச்சில் ஒரு நாளைக்கு ஒரு சுற்று வேகத்தில் திரும்பினால், ஒளி அதே அச்சு வழியாகத் தெற்கே 13 டிகிரி கீழ்நோக்கிப் போய்க்கொண்டே இருக்கும். மேலே சொன்ன ஓ.டி.எஸ். அமைப்புக்கு அப்படியே பொருந்தும். ஒரே மோட்டார் போதும். சாய்வை மட்டும் வாரம் ஒருமுறை கையால் திருத்த வேண்டும்; மார்ச், செப்டம்பரில்தான் சூரியன் வேகமாக இடம் மாறும், நாளுக்கு 0.4 டிகிரி. கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் கோபுரத்தில் இதன் தாயாதி ஒன்று இருக்கிறது. சீலோஸ்டாட் என்று பெயர், இதில் பாதி வேகத்தில் சுழன்று சூரிய ஒளியைச் சுரங்கத் தொலைநோக்கிக்குள் அனுப்புகிறது. ஒருமுறை போய்ப் பாருங்கள்.

மோட்டாருக்குப் புதுப்பேட்டையில் பழைய கார் வைப்பர் மோட்டார் எடுங்கள். உள்ளே வார்ம் கியர் இருப்பதால் காற்று தள்ளினாலும் லேசில் பின்னால் சுழலாது. கண்ணாடி ஒரு டிகிரி ஆடினால் ஒளி இரண்டு டிகிரி ஆடும், ஞாபகம் வையுங்கள்.

திருவொற்றியூர்: கடல் காத்துல கண்ணாடி தாங்குமா?

கண்ணாடியின் ரசப் பூச்சு ஓரத்திலிருந்துதான் போகும். வெட்டிய விளிம்பு நாலையும் சிலிகான் வைத்து அடைத்து, முதுகுக்கும் பெயின்ட் அடியுங்கள். போல்ட் எல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ். 304 போட்டால் நம் கரையில் பழுப்புத் திட்டு விழும். தூசி, சாம்பல் படிந்த கண்ணாடியைத் துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம், வெள்ளைத் திட்டு படியும். ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதுவே போதும்.

காசிமேடு: கருவாடு சீக்கிரம் காய கண்ணாடி வைக்கலாமா தம்பி?

வேண்டாம்மா. 50 டிகிரியைத் தாண்டினால் மேலே இறுகி உள்ளே ஈரம் நின்றுவிடும். தரையைவிட்டு உயர்த்தி வலை விரித்துக் காயப்போடுங்கள், காற்று கீழேயும் ஓடட்டும்.

எண்ணூர்: கண்ணாடி வச்சே கரண்ட் எடுக்கிறாங்களாமே, நம்ம ஊர்ல ஏன் இல்லை?

எடுக்கிறார்கள். அமெரிக்காவில் இவான்பா, 2014-ல் ஓடத் தொடங்கியது: 392 மெகாவாட், 1,73,500 ஹீலியோஸ்டாட். ஸ்பெயினில் ஹெமாசோலார், 2011: உருகிய உப்பில் சூட்டைச் சேர்த்து 15 மணி நேரம் சூரியனில்லாமல் ஓட்டும் அளவுக்குச் சேமிப்பு. இவை எல்லாம் வறண்ட, நேர் வெயில் அடிக்கும் இடங்கள். நம் வானத்தில் ஈரமும் புகையும் அதிகம். வெயிலில் கணிசமான பங்கு சிதறித்தான் வருகிறது. சிதறிய ஒளியைப் பேனல் பிடிக்கும், கண்ணாடியால் குவிக்க முடியாது. வீட்டுக்கு ஒரு கிலோவாட் பேனல், சுமார் நூறு சதுர அடி, நாளுக்கு நாலு யூனிட். பி.எம். சூரிய கர் திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய் மானியம் அறிவித்திருக்கிறார்கள். கரண்டுக்கு இதுதான் வழி.

பெரம்பூர்: அந்த பேனல் மேலயே கண்ணாடியால இன்னும் கொஞ்சம் வெயில் அடிச்சா?

பேனல் சூடாகும், ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். வாரண்டிக்கும் சிக்கல் வரும்.

தண்டையார்பேட்டை: புயல் வந்தா?

கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று ஒரு சதுர மீட்டர் பலகையை 65 கிலோவுக்கு மேல் எடையோடு தள்ளும். வர்தாவைப் பார்த்த நமக்குச் சொல்லவே வேண்டாம். அதனால் முதலிலேயே நாலு போல்ட்டில் கழன்று வருகிற மாதிரி செய்யுங்கள். சாதாரண நாளிலும் மோட்டார் நின்றுபோனால் ஒளி எதிர்வீட்டு ஜன்னலிலோ தெருவில் வண்டி ஓட்டுபவர் கண்ணிலோ விழும். நின்றுவிட்டால் கண்ணாடி கியரிலிருந்து விடுபட்டு, எடைக்கல்லால் தானாகக் கீழே கவிழ்கிற மாதிரி செய்யுங்கள்; வார்ம் கியர் பிடித்திருக்கும்வரை எடைக்கல்லால் மட்டும் அதைத் திருப்ப முடியாது. வளைந்த கண்ணாடி கூடவே கூடாது. 2013-ல் லண்டனில் வளைந்த கண்ணாடி முகப்புள்ள ஒரு கட்டடம் குவித்த வெயிலில் தெருவில் நின்ற காரின் பாகங்கள் உருகின.